அதிகாரியை ஒதுக்கி வைத்தால் ஓடுபாதை பாதுகாப்பாகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓடுபாதையில் இரண்டு விமானங்கள் மோதிக்கொள்ளப் பார்த்தன, நூலிழையில் தப்பின என்று செய்தி வந்தால், மறுநாளே அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு செய்தியும் வந்துவிடுகிறது. பணியில் இருந்த ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு) அதிகாரி பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார், விசாரணைக்கு உத்தரவு. அத்தோடு சரி. விசாரணையில் என்ன தெரியவந்தது, அதற்குப் பிறகு எதை மாற்றினார்கள் என்று மூன்றாவதாக ஒரு செய்தியைப் பார்ப்பது அபூர்வம். 2024 ஜூன் 8 அன்று மும்பையில் ஏர் இந்தியா விமானம் ஒன்று ஓடி மேலெழும்பிக்கொண்டிருந்தபோதே, அதே ஓடுபாதையில் இந்தூரிலிருந்து வந்த இண்டிகோ விமானம் தரையிறங்கியது. அந்தக் காணொளி எல்லோர் கைபேசிக்கும் வந்தது. அப்போதும் விமானத் துறையை மேற்பார்வை செய்யும் அரசு அமைப்பான டிஜிசிஏ உடனே எடுத்த நடவடிக்கை, கட்டுப்பாட்டு டவரில் இருந்த அதிகாரியை ஒதுக்கி வைத்ததுதான்.

அவர் மீது தவறே இருக்காது என்று நான் சொல்ல வரவில்லை. ஒருவர் ஒரு கணம் தவறினால் முந்நூறு பேரின் உயிர் போகும் என்கிற மாதிரி ஏற்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு, அந்த ஒருவரை மட்டும் மாற்றினால் போதும் என்று நாம் நிம்மதியாகிவிடுகிறோமே, அதைத்தான் கேட்கிறேன்.

ஜப்பானில் நடந்ததை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அங்கே நடந்தது நொடி வாரியாக வெளியே வந்துவிட்டது. 2024 ஜனவரி 1 அன்று நோட்டோ தீபகற்பத்தில் பெரிய நிலநடுக்கம். மறுநாள் மாலை, டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் கடலோரக் காவல்படையின் சிறிய டேஷ்-8 விமானம் நிவாரணப் பொருட்களோடு நீகாட்டாவுக்குக் கிளம்பத் தயாராக இருந்தது. அதில் ஆறு பேர். அதே நேரத்தில் சப்போரோவிலிருந்து 379 பேருடன் ஜப்பான் ஏர்லைன்ஸின் பெரிய பயணிகள் விமானமான ஏ350 இறங்க வந்துகொண்டிருந்தது. 5.45 ஆகச் சில நொடிகள் இருக்கும்போது அதற்கு 34ஆர் ஓடுபாதையில் இறங்க டவர் அனுமதி கொடுத்தது. அதற்குப் பிறகுதான் காவல்படை விமானம் அந்த அலைவரிசையில் பேசியது. டவர் அதனிடம் சொன்னது இவ்வளவுதான்: நம்பர் ஒன், சி5 காத்திருப்பு இடம் வரை வாருங்கள். புறப்படும் வரிசையில் நீங்கள்தான் முதலாவது, ஓடுபாதைக்கு வெளியே வந்து நில்லுங்கள் என்று பொருள். விமானத்திலிருந்தும் அதைச் சரியாகவே திருப்பிச் சொன்னார்கள். ஆனால் கேப்டன், ஓடுபாதைக்குள் போக அனுமதி கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார். உள்ளே போய் ஏறத்தாழ 40 நொடி நின்றது அந்த விமானம். 5.47-க்கு ஏ350 இறங்கி அதன் மேல் மோதியது. காவல்படையினர் ஐந்து பேர் இறந்தார்கள், கேப்டன் மட்டும் படுகாயத்தோடு பிழைத்தார்.

ஏ350-இல் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள் என்பது உலகம் முழுக்கப் பேசப்பட்டது, பேசப்பட வேண்டியதும்தான். உள்ளே அறிவிப்பு ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. பணிப்பெண்கள் மெகாபோனை வைத்துக்கொண்டும் வெறும் தொண்டையாலும் கத்திக் கத்தி வழிகாட்டினார்கள். எட்டு வாசலில் மூன்றைத்தான் திறக்க முடிந்தது. விமானம் நின்ற பிறகு கடைசி ஆளாகக் கேப்டன் இறங்கும்வரை எல்லாம் சேர்த்து 18 நிமிடம். பயணிகளும் மேலே வைத்த பைகளை எடுக்க நிற்காமல் இறங்கினார்கள். (நம் ஊரில் விமானம் முழுதாக நிற்பதற்குள்ளேயே பெட்டியை எடுக்க எழுந்து நிற்கிறோம். இதை ஒவ்வொரு முறையும் பார்க்கும்போது எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.)

நான் கேட்பது அந்த 18 நிமிடத்தைப் பற்றி அல்ல, அதற்கு முந்தைய 40 நொடியைப் பற்றி. ஓடுபாதையில் ஒரு விமானம் நிற்கிறது, இன்னொன்று இறங்க வருகிறது. இதைக் கண்டுபிடிக்கிற கருவி ஹனேடாவில் இருந்தது, அன்று அது வேலையும் செய்தது. டவர் அதிகாரியின் திரையில் ஓடுபாதையின் நிறமும் விமானத்தின் நிறமும் மாறி எச்சரிக்கை வந்திருக்கிறது. ஆனால் அது சத்தம் எழுப்பாத எச்சரிக்கை. வரிசையாக விமானங்கள் இறங்கிக்கொண்டிருக்கிற ஒரு மாலையில், கண்ணாடிக்கு வெளியேயும் பார்க்க வேண்டும், நாலு பேரிடம் மாறி மாறிப் பேசவும் வேண்டும், அப்படிப்பட்ட ஒருவர் அந்த நொடியில் அந்தத் திரையைப் பார்த்தால்தான் உண்டு. அவர் கவனிக்கவில்லை.

அடுத்தது ஸ்டாப் பார். ஓடுபாதைக்குள் நுழைகிற இடத்தில் தரையில் குறுக்கே சிவப்பு விளக்குகளை வரிசையாகப் பதித்திருப்பார்கள். அது எரிந்தால் விமானி தாண்டக் கூடாது, டவர் அணைத்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். வார்த்தையை ஒருவர் தப்பாக எடுத்துக்கொண்டாலும் கண் முன்னால் சிவப்பு எரியும். சி5 பக்கம் அந்த விளக்குகள் டிசம்பர் 27 முதல் பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தன. இதைவிட என்னைத் தூங்க விடாதது வேறொன்று: பராமரிப்பு இல்லாமல் இருந்திருந்தாலும் அன்று அது எரிந்திருக்காது. பனிமூட்டம் போல பார்வைத்தூரம் மிகக் குறைந்த நேரத்தில்தான் அதைப் பயன்படுத்துவது என்று விதி. அன்று வானம் தெளிவாக இருந்தது.

சரி, இதில் யாரைப் பணியிலிருந்து நீக்குவது?

ஜப்பான் அரசு என்ன செய்தது என்றால், மறுநாளே டவருக்கும் விமானங்களுக்கும் நடந்த உரையாடலை எழுத்தில் வெளியிட்டது. அதே வாரத்தில் ஹனேடா டவரில் அந்த எச்சரிக்கைத் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கத் தனியாக ஓர் ஆளைப் போட்டது. நம்பர் ஒன் என்பது போல வரிசை எண்ணைச் சொல்வதைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் விசாரணை வாரியத்தின் இடைக்கால அறிக்கையும் வந்தது. அங்கேயும் போலீஸ் விசாரணை ஒரு பக்கம் நடந்தது. உடனே அந்த நாட்டு விமானிகள் சங்கம், தண்டனைக்கான விசாரணையைவிடக் காரணத்தைக் கண்டுபிடிக்கிற விசாரணைக்குத்தான் முதலிடம் தர வேண்டும் என்று அறிக்கை விட்டது. அவர்கள் சொன்னது நியாயம். உண்மையைச் சொன்னால் ஜெயில் என்றால் யார் வாயைத் திறப்பார்கள்?

இது புதுப் பாடமும் இல்லை. 1991 பிப்ரவரி 1, லாஸ் ஏஞ்சலிஸ். இருட்டிய பிறகு ஒரு சின்ன ஸ்கைவெஸ்ட் விமானத்தை ஓடுபாதையின் இடையில் நிறுத்திக் காத்திருக்கச் சொன்ன அதிகாரி, அது அங்கே நிற்பதையே மறந்துவிட்டார். அதே ஓடுபாதையில் யுஎஸ்ஏரின் போயிங் 737-க்கு இறங்க அனுமதி கொடுத்தார். 35 பேர் இறந்தார்கள். அமெரிக்க விசாரணை வாரியம் மறதியோடு நிறுத்தவில்லை. ஒருவர் மறந்தால் இன்னொருவர் கண்ணில் படுகிற மாதிரி அந்த டவரின் நடைமுறைகள் ஏன் இல்லை என்று நிர்வாகத்தைக் கேட்டது. 2001 அக்டோபரில் மிலானின் லினாத்தே விமான நிலையத்தில் மூடுபனிக்குள் ஒரு சிறு விமானம் வழி மாறி ஓடுபாதைக்குள் வந்து 118 பேர் இறந்தபோதும் அங்கே தரையில் நகரும் விமானங்களைக் காட்டுகிற தரை ரேடார் இயங்கவில்லை. 1977-இல் டெனரீஃபில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்ததுதான் இன்றுவரை உலகின் மிகப் பெரிய விமான விபத்து. அதற்குப் பிறகுதான் டேக்-ஆஃப் என்ற சொல்லை அனுமதி கொடுக்கும்போதும் ரத்து செய்யும்போதும் தவிர வேறு எப்போதும் சொல்லக் கூடாது என்று ஆனது.

சத்தம் போடும் எச்சரிக்கை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 2023-இல் அமெரிக்காவில் அடுத்தடுத்து நடந்த இரண்டு சம்பவங்களைப் பார்த்தால் போதும். ஜனவரி 13, நியூயார்க் ஜேஎஃப்கே. டெல்டா 737 ஒன்று ஓடத் தொடங்கிவிட்டது, லண்டனுக்குப் போக வேண்டிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 777 தவறான இடத்தில் அந்த ஓடுபாதையைக் குறுக்கே கடந்தது. டவரில் தரை ரேடாரோடு சேர்ந்த எச்சரிக்கை ஒலித்தது. டெல்டாவின் அனுமதியைப் பதறிப்போய் ரத்து செய்தார்கள், விமானம் நின்றுவிட்டது. மூன்று வாரம் கழித்து, பிப்ரவரி 4, டெக்ஸாஸின் ஆஸ்டின். அடர்ந்த மூடுபனி. சவுத்வெஸ்ட் விமானம் புறப்பட அனுமதி வாங்கி ஓடுபாதையில் இருக்கிறது, அதே ஓடுபாதையில் ஃபெடெக்ஸின் சரக்கு விமானம் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆஸ்டினில் அப்போது அந்த மாதிரி கருவி கிடையாது, டவரிலிருந்து பார்த்தால் வெறும் பனி. கடைசி நேரத்தில் ஃபெடெக்ஸ் விமானிகள் கீழே ஒரு விமானம் தெரிவதைப் பார்த்து மேலே தூக்கிக்கொண்டு போனார்கள். இடைவெளி இருநூறு அடிகூட இல்லை. அங்கே 128 பேரைக் காப்பாற்றியது எந்த ஏற்பாடும் இல்லை, ஒரு விமானியின் கண்.

நம் நாட்டுக்கு வருவோம். 2022 ஜனவரி 7 காலை பெங்களூரில் இரண்டு இண்டிகோ விமானங்கள் அடுத்தடுத்த இணை ஓடுபாதைகளிலிருந்து ஒரே நேரத்தில் புறப்பட்டு, வானத்தில் ஒன்றை ஒன்று நெருங்கின. இரண்டிலும் சேர்த்து நானூறு பேருக்கு மேல். ஒரு ஓடுபாதையை மூடுவதென்று ஷிஃப்ட் பொறுப்பாளர் முடிவெடுத்திருக்கிறார், அது அந்த ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரிக்குப் போய்ச் சேரவில்லை. ரேடாரில் இருந்த இன்னொரு அதிகாரி கவனித்து இருவரையும் வேறு வேறு திசைக்குத் திருப்பியதால் தப்பித்தார்கள். இதில் எனக்குப் பெரிய அதிர்ச்சி, சம்பவம் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை என்று டிஜிசிஏ தரப்பிலேயே சொன்னது. ஏன் ஏறவில்லை? எழுதினால் யாரோ ஒருவருக்கு வேலை போகும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தால் யார் எழுதுவார்கள்?

2025 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு விமானப் பாதுகாப்பு பற்றி ஓர் அறிக்கை கொடுத்தது. ஏடிசி அதிகாரிகள் பற்றாக்குறை, அதனால் அவர்களுக்கு ஏற்படுகிற களைப்பு, இரண்டையும் அது வெளிப்படையாகச் சொன்னது. மேற்பார்வை செய்ய வேண்டிய டிஜிசிஏவிலேயே ஏறத்தாழ பாதி பணியிடங்கள் காலி என்றும் சொன்னது. அதாவது டவரில் இருப்பவரும் களைப்பு, அவரைக் கண்காணிக்க ஆளும் இல்லை. அந்த அறிக்கைக்கு நம் பத்திரிகைகளில் கிடைத்த இடத்தைவிட, ஒரு அதிகாரியை ஒதுக்கி வைத்த செய்திக்குக் கிடைக்கிற இடம் அதிகம்.

அதே ஆகஸ்டில்தான், 10-ஆம் தேதி, திருவனந்தபுரத்திலிருந்து டெல்லிக்குப் போன ஏர் இந்தியா விமானம் சென்னைக்குத் திருப்பிவிடப்பட்டு, முதல் முறை இறங்கும்போது மேலே தூக்கப்பட்டது. ஓடுபாதையில் இன்னொரு விமானம் இருந்தது என்றார் உள்ளே இருந்த எம்.பி. கே.சி. வேணுகோபால். அப்படி இல்லை, ஏடிசி சொன்னதால்தான் திரும்ப மேலே போனோம் என்றது விமான நிறுவனம். இரண்டையும் படித்துவிட்டு நாம் ஆளுக்கொரு பக்கம் நின்று வாதாடினோம். ஹனேடாவில் செய்தது போல டவர் உரையாடலை மறுநாள் வெளியிட்டிருந்தால் அந்த வாதமே தேவைப்பட்டிருக்காது. இறங்கப் போய் மேலே தூக்குவதும் வழக்கமான, பாதுகாப்பான நடைமுறைதான், அதையும் மக்களுக்கு அப்போதே சொல்லியிருக்கலாம்.

சென்னையைப் பற்றிக் கவலைப்பட இன்னொரு காரணமும் இருக்கிறது. மீனம்பாக்கத்தில் உள்ள இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு போகிறவை. ஒன்றில் ஓடுகிற விமானம் மற்றொன்றைக் கடந்தாக வேண்டும் என்கிற அமைப்பில், டவரில் இருப்பவர் மனதில் ஒவ்வொரு நிமிடமும் இரண்டு ஓடுபாதைகளும் சேர்ந்தே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதைப் பல வருடமாகச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கு நாம் நன்றிதான் சொல்ல வேண்டும். ஆனால் நன்றி சொல்வது அவர்களுக்குப் பின்னால் இரண்டாவது ஒரு காவல் வைப்பதற்கு ஈடாகாது.

2025 ஜூலையில் கடலூர் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மேல் ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தார்களே, அன்றும் கேட் கீப்பரை சஸ்பெண்ட் செய்தார்கள், கைதும் செய்தார்கள். ஆனால் பிறகு பேச்சு எங்கே வந்து நின்றது? அந்த கேட் இன்டர்லாக்கிங் இல்லாத கேட் என்பதில். கேட்டை மூடிப் பூட்டாமல் ரயிலுக்குப் பச்சை விழவே முடியாத ஏற்பாடு இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் இன்று பள்ளிக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். ஓடுபாதைக்கும் வேண்டியது இதுதான். அமெரிக்காவில் 20 விமான நிலையங்களில் ஓடுபாதை நிலை விளக்குகள் என்று வைத்திருக்கிறார்கள். ஓடுபாதையில் விமானம் வருவதைக் கருவியே உணர்ந்து, டவர் எதுவும் செய்யாமலே, நுழைகிற இடத்தில் சிவப்பு எரியும். செலவு அதிகம்தான். டெர்மினலுக்குள் கண்ணாடியும் பளிங்கும் போடச் செலவழிக்கிற நாடு இதற்கும் செலவழிக்கலாம்.

ஆகவே உங்கள் பத்திரிகைக்கு என் வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால், ஒதுக்கி வைக்கப்பட்டவர் யார் என்று கேட்பதோடு விட்டுவிடாதீர்கள். அந்த ஷிஃப்டில் எத்தனை பேர் இருக்க வேண்டும், எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேளுங்கள். அவர் எத்தனை மணி நேரமாக உட்கார்ந்திருந்தார் என்று கேளுங்கள். அப்புறம் இப்போதே, எதுவும் நடப்பதற்கு முன்பே, உங்கள் செய்தியாளர் ஒருவரை அனுப்பி இந்திய விமான நிலைய ஆணையத்திடம் சென்னையைப் பற்றிக் கேட்டு எழுதுங்கள்: ஓடுபாதைக்குள் நுழைகிற எல்லா இடத்திலும் ஸ்டாப் பார் இருக்கிறதா, அது வானம் தெளிவாக இருக்கும் நாளிலும் எரிகிறதா, டவரில் வருகிற எச்சரிக்கை சத்தம் போடுமா. பதில் எதுவாக இருந்தாலும் முதல் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பல்லாவரம்