ராஜேஸ்வரிக்கு: உன் பேரனைப் பார்த்துவிட்டு வந்தேன்

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள ராஜேஸ்வரி,

நலம்தானே? ஈப்போவில் மழை விடவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கும் மாலையானால் கொட்டுகிறது. தேக்காவில் தீபாவளி விளக்குகள் கட்டிவிட்டார்கள். மற்ற கதைகளைப் பிறகு எழுதுகிறேன், முதலில் நீ கேட்ட விஷயம்: அந்தக் கார் விபத்துக்குப் பிறகு உன் பேரன் எப்படி இருக்கிறான் என்பது.

சனிக்கிழமை செங்காங் போய் உன் பேரனைப் பார்த்தேன். இளைத்திருக்கிறான், ஆனால் நீ பயந்த அளவுக்கு இல்லை. கூப்பிட்டவுடன் அறையிலிருந்து வந்தான், கால் தொட்டுக் கும்பிட்டான், பக்கத்தில் உட்கார்ந்தான். பள்ளி எப்படி இருக்கிறது என்றேன், நன்றாக இருக்கிறது பாட்டி என்றான். தூக்கம் வருகிறதா என்றேன், வருகிறது என்றான். எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருந்தது. பதினாறு வயதுப் பையன் இவ்வளவு ஒழுங்காகப் பதில் சொல்வதுதான் எனக்குக் கலக்கமாக இருந்தது.

அப்போது உன் சம்பந்தி வழி அத்தை ஒருவர் வந்தார். அவன் தலையைத் தடவி, "அந்த விபத்தில் நீ பிழைத்தாயே, முருகன் புண்ணியம்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். உன் பேரன் தட்டிலிருந்த இட்லியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து ஓரமாக ஒதுக்கிவிட்டு, போதும் என்று எழுந்து போய்விட்டான். ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

நெடுஞ்சாலையில் கடைசியாக வண்டியை நிறுத்திய இடத்தில் அவனும் அவன் பெரியப்பா மகனும் இடம் மாறி உட்கார்ந்தார்கள் என்பது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. "நீ பிழைத்தாயே" என்று ஒருவர் சொல்லும்போது, "அண்ணன் போய்விட்டானே, நீ மட்டும் எப்படி?" என்றுதான் அந்தப் பிள்ளையின் காதில் விழும். ஆறுதல் என்று நாம் சொல்வதையெல்லாம் அவன் குற்றச்சாட்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை. எப்போதோ பார்த்த 'ஆர்டினரி பீப்பிள்' என்ற ஆங்கிலப் படம் நினைவுக்கு வர, தேடி எடுத்து அன்றிரவே மறுபடி பார்த்தேன். நடிகர் ராபர்ட் ரெட்ஃபோர்ட் முதன்முதலாக இயக்கிய படம், 1980இல் வந்தது. சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர் விருதுகள் வாங்கியது. கதை உன் பேரனின் கதைதான் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் கேள்.

சிகாகோவுக்கு அருகே ஏரிக்கரையில் ஒரு வசதியான குடும்பம். அண்ணன் தம்பி இருவர் படகில் போகும்போது புயலில் படகு கவிழ்ந்து, அண்ணன் மூழ்கிவிடுகிறான். தம்பி கான்ராட் படகைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கிறான். பிறகு தன் உயிரையே முடித்துக்கொள்ள முயன்று, நான்கு மாதம் மனநல மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்புகிறான். படம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அதனாலேயே எனக்கு அது பிடிக்கும். விபத்தைத் துண்டு துண்டாக மட்டுமே காட்டுகிறார்கள். காலைச் சாப்பாடு, பள்ளி, நீச்சல் பயிற்சி, விருந்து என்று வீடு பழையபடி நடக்கிறது. அந்தப் பழையபடிக்குள் பையன் மூச்சு முட்டுகிறான்.

ஆரம்பத்திலேயே ஒரு காட்சி. அவனுக்குப் பிடித்த பலகாரத்தை அம்மா தட்டில் வைக்கிறாள். பசிக்கவில்லை என்கிறான். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய் அப்படியே கழிவுத்தொட்டிக்குள் தள்ளிவிடுகிறாள். சாப்பிடுவான், கொஞ்சம் இருக்கட்டும் என்று அப்பா தடுத்தும் பயனில்லை. அந்த இட்லித் தட்டு என் நினைவை விட்டு இன்னும் போகவில்லை, ராஜேஸ்வரி. நல்லவேளை, உன் மகள் அதை மூடி வைத்தாள்.

அந்த அம்மாவாக நடித்தவர் மேரி டைலர் மூர். தொலைக்காட்சியில் எல்லாரையும் சிரிக்க வைத்துப் பேர் வாங்கியவரைப் போய் இந்த வேடத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். பலர் அவளைக் கல்நெஞ்சக்காரி என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. துக்கம் வீட்டுக்குள் வந்தால் எல்லாம் இடிந்துவிடும் என்று நடுங்கி, கதவைச் சாத்திக்கொண்டு நிற்கிறாள். மூத்த மகனின் இறுதிச் சடங்கு நாளில் கணவன் போட்டிருந்த சட்டையையும் காலணியையும் மாற்றச் சொன்னவள் அவள். வெகுநாள் கழித்துக் கணவன் அதைச் சொல்லிக் காட்டும்போது அவளுக்கு அது ஏன் குற்றம் என்றே விளங்கவில்லை. நம் வீடுகளில் எத்தனை பேர் இப்படி! சாவு வீட்டிலும் வந்தவர்களுக்குக் காப்பி சரியாகப் போகிறதா என்று பார்த்துக்கொண்டே அழாமல் இருந்துவிடுபவர்களை நாம் இருவரும் பார்த்திருக்கிறோம்.

கான்ராடாக நடித்த திமதி ஹட்டனுக்கு ஆஸ்கர் விருது வாங்கும்போது இருபது வயது. நடிகரான அவருடைய தந்தை 1979இல் தவறியிருந்தார். அந்தப் பையன் தோளைக் குறுக்கி உட்காரும் விதத்தைப் பார்த்தால் நடிப்பு என்றே சொல்ல முடியாது.

மனநல மருத்துவர் பெர்கரிடம் கான்ராட் போவதுதான் படத்தின் உயிர் என்பார்கள். கடைசியில் ஒரு நள்ளிரவில், நீ செய்த தவறு என்ன என்று பெர்கர் விடாமல் கேட்க, படகை விடாமல் பிடித்துக்கொண்டேனே, அதுதான் என்று உடைந்து அழுகிறான். பிழைத்ததுதான் தவறு! அந்த இடத்தில் நானும் அழுதேன். ஆனால் ஓர் இரவில் முடிச்சு அவிழ்வது சினிமாவுக்குத்தான் சரி. உண்மையில் அந்த அழுகை பல தடவை வர வேண்டியிருக்கும், நடுவில் சிரிப்பும் கோபமும் வரும், ஒரு மாதம் ஒன்றுமே நடக்காதது போலவும் இருக்கும். உன் மகளிடம் இதை இப்போதே சொல்லி வை. இரண்டு முறை ஆலோசகரைப் பார்த்துவிட்டு ஒன்றும் மாறவில்லையே என்று நிறுத்திவிடப் போகிறார்கள்.

எனக்கு மருத்துவரைவிட அப்பாதான் முக்கியம். அவராக நடித்தவர் டோனல்ட் சதர்லண்ட். கதையில் அவர் வரி வழக்கறிஞர். மகனிடம் எப்படிப் பேசுவதென்று தெரியாமல் தடுமாறுகிறார், கேட்ட கேள்வியையே கேட்டு மகனை எரிச்சலூட்டுகிறார். ஆனாலும் கேட்பதை நிறுத்தவில்லை. மகனைப் பற்றிப் பேச என்று பெர்கரிடம் போனவர், தன்னைப் பற்றிப் பேசவே வந்திருப்பதாகக் கண்டுகொள்கிறார். வீட்டில் யாராவது ஒருவர் அப்படி முதலில் உடைந்தால்தான் பிள்ளைக்கும் வழி கிடைக்கும்.

இதை எழுதுவது உன் மருமகனை மனத்தில் வைத்துத்தான். நல்ல மனிதர், பிள்ளைமேல் உயிரையே வைத்திருக்கிறார். என்னை மின்தூக்கிவரை கொண்டுவந்து விட்டபோது, "சாதாரண நிலைத் தேர்வு (ஓ-லெவல்) முடியட்டும் அம்மா, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். பள்ளி ஆலோசகரிடம் அனுப்பினால் பின்னால் பிரச்சினை வருமோ என்றும் பயப்படுகிறார். நம் காலத்தில் வூட்பிரிட்ஜ் மனநல மருத்துவமனை என்று சொன்னாலே பெரியவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள், அந்தப் பயம் இன்னும் போகவில்லை. அது மனநலக் கழகமாகி 1993இல் புதிய கட்டடத்துக்கு வந்து எவ்வளவு காலமாகிவிட்டது! தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற சட்டத்தைக்கூட 2020 ஜனவரி முதல் எடுத்துவிட்டார்கள். 15 முதல் 35 வயதுவரை உள்ளவர்களில் மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வோ பதற்றமோ மனஉளைச்சலோ கடுமையாக இருக்கிறது என்று அந்தக் கழகத்தின் ஆய்வு 2024இல் சொன்னது. உன் பேரன் மட்டும் தனியாக இல்லை.

பள்ளி ஆலோசகர் வேண்டாம் என்றால், அந்தக் கழகம் 16 முதல் 30 வயதினருக்காக நடத்தும் 'சாட்' என்ற மனநல ஆலோசனை நிலையம் ஆர்ச்சர்டில் இருக்கிறது. முதல் மதிப்பீட்டுக்குப் பணம் வாங்குவதில்லை, விவரங்களை ரகசியமாக வைப்பார்கள். ஏதேனும் ஓர் இரவில் நிலைமை மோசமானால் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 1767இல் எந்த நேரமும் ஆள் இருப்பார்கள். இந்த எண்ணை உன் மகள் கைப்பேசியில் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

ஒன்று கவனம். இந்தப் படத்தை உன் பேரனுக்கு இப்போது காட்ட வேண்டாம். மருத்துவமனையில் கான்ராடுக்குப் பழக்கமான ஒரு பெண், தேறிவிட்டாள் என்று எல்லாரும் நம்பியவள், நடுவில் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். அந்த அடியைத் தாங்கும் நிலையில் இவன் இல்லை. படத்தை உன் மருமகன் தனியாகப் பார்க்கட்டும். பார்த்த பிறகு மகனோடு காரில் போகும்போதோ, காப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கும்போதோ, இடம் மாறி உட்கார்ந்ததைப் பற்றி அவரே முதலில் பேச வேண்டும். அது உன் தவறில்லை என்று அவசரமாக முடித்துவிடக் கூடாது. அன்றிலிருந்து நானும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னால் போதும். அவன் பதில் சொல்லாவிட்டால் பரவாயில்லை, இன்னொரு நாள் மறுபடி பேசலாம்.

என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. தீபாவளிக்கு முதல் வாரமே வந்துவிடு, பஸ் டிக்கெட்டுக்குக் கூட்டம் சேருமுன் எடுத்து வை. என் வீட்டில் தங்கலாம், செங்காங்குக்குச் சேர்ந்தே போய்வரலாம்.

உன் மருமகனிடம் நான் பேசட்டுமா, அல்லது மாமியார் என்ற உரிமையில் நீயே பேசுகிறாயா? அதை மட்டும் இந்த வாரமே எழுது.

அன்புடன்,
சந்திரா