கடல் வரை கூட வந்தவர்களுக்கு நன்றி

ஊட்டமலை சொந்தங்களுக்கும், தரங்கம்பாடி, பூம்புகார் மக்களுக்கும் வணக்கம்.

என் அப்பா ஒகேனக்கலில் 40 வருடம் பரிசல் ஓட்டியவர். முட்டி வலி வந்து துடுப்பைக் கீழே வைத்த நாளிலிருந்து அவருக்கு ஒரே ஆசை, இந்தக் காவிரித் தண்ணீர் கடலில் சேரும் இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். போன மாதம் பார்த்துவிட்டார்.

வெள்ளம் வந்து பரிசலுக்குத் தடை போட்டிருந்த நேரம் அது. உங்கள் வீட்டிலேயே வருமானம் இல்லை. அப்படியும் வேன் வாடகைக்குப் பணம் சேர்த்துக் கொடுத்தீர்களே, பரிசல்கார அண்ணன்மார்களே, அதை எப்படி மறப்பேன்? ஆடுகளைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுச் சித்திக்கும் நன்றி.

தரங்கம்பாடி போய்ச் சேர இரவாகிவிட்டது. சொல்லி வைத்திருந்த அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். தெருவில் நின்றிருந்தோம். "பெரியவரை வச்சிக்கிட்டு எங்க போவீங்க, உள்ள வாங்க" என்று கூப்பிட்டீர்கள் அக்கா. சூடாகச் சோறு, மீன் குழம்பு, அப்பாவுக்குப் படுக்கப் பாய். மறுநாள் வேலையையும் விட்டுவிட்டு ஊரைச் சுற்றிக் காட்டினீர்கள். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை, அலைக்குப் பக்கத்திலேயே நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில், 1706-இல் வந்து தமிழ் கற்று இங்கேயே தமிழ்ப் புத்தகம் அச்சடித்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவின் சிலை. அவ்வளவு பழைய ஊர், அவ்வளவு அமைதி. அருவிச் சத்தத்திலேயே வாழ்ந்த அப்பாவுக்கு அது புதிது.

அப்புறம் பூம்புகார். காவிரி கடலில் சேரும் இடத்தைப் பார்த்ததும் அப்பா முகம் வாடிவிட்டது. "இவ்வளவுதானா? நம்ம ஊர்ல பாறையைப் புரட்டுதே, அந்தத் தண்ணியெல்லாம் எங்க போச்சு?" என்றார். அங்கே வலை பிரித்துக்கொண்டிருந்த ஐயா, எழுந்து வந்து மணலில் விரலால் கோடு போட்டுக் காட்டினீர்கள். முக்கொம்பில் கொள்ளிடம் பிரிந்து வெள்ளத்தைக் கொண்டுபோய்விடும், கல்லணையில் வெண்ணாறு பிரியும், மிச்சத்தில் பெரும்பங்கு வாய்க்கால் வாய்க்காலாக வயலுக்குப் போய்விடும் என்று. "வீணாப் போகல பெரியவரே, நெல்லாப் போச்சு" என்றீர்கள். அதைக் கேட்டுத்தான் அப்பா தெளிந்தார். குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் வைத்தார். "உப்பு" என்றார். வெகுநேரம் அங்கேயே நின்றார். அலை காலை இழுத்தபோதெல்லாம் அவர் முழங்கையை விடாமல் பிடித்திருந்தது உங்கள் கைதான் ஐயா.

தரங்கம்பாடி அக்கா, வழிக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்த உங்கள் தூக்குவாளி எங்களிடமே தங்கிவிட்டது. வெறும் பாத்திரமாகத் திருப்பித் தர அம்மாவுக்கு மனமில்லை. தை பிறந்து புதுப்புளி வந்ததும் கொட்டை எடுத்து, வாளி நிறைய அடைத்து அனுப்பி வைக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு பரிசல்காரரின் மகள்,
ஊட்டமலை, தருமபுரி மாவட்டம்.