ஸ்கூபா: அந்தப் படிவத்தில் உண்மையை எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த அந்தமான் பயணக் கட்டுரையைப் படித்தேன். முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்கும் ஸ்கூபாவின் மகிழ்ச்சியை அழகாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் முதன்முறை இறங்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய எதுவும் அதில் இல்லை. முதுகில் கட்டுவதை "ஆக்சிஜன் சிலிண்டர்" என்று எழுதியதும் தவறு. அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான். ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தி அடைத்திருப்பார்கள். தூய ஆக்சிஜனைச் சுவாசித்துக்கொண்டு ஆழத்துக்குப் போனால் வலிப்பு வந்துவிடும்.

நான் 33 ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் நடத்தியவள். ஓய்வுபெற்ற பிறகு, ஹேவ்லாக் என்று நாம் இன்னும் சொல்லும் சுவராஜ் தீவுக்கு மகளோடு போனேன். முதலில் சென்ற ஸ்கூபா நிலையத்தில் உடல்நலப் படிவம் ஒன்றை நீட்டினார்கள். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்ற கேள்விக்கு "ஆம்" என்று எழுதப் போனேன். மேசையில் இருந்த இளைஞர் என் கையைத் தடுத்து, "எல்லாவற்றுக்கும் இல்லை என்று போடுங்கள் அம்மா, இல்லாவிட்டால் டாக்டர் கையெழுத்து கேட்பார்கள்" என்றார். மறுநாள் பிற்பகல் எங்களுக்குச் சென்னை விமானம். காலையில் மூழ்கிவிட்டே கிளம்பலாம், ஒன்றும் ஆகாது என்றும் சொன்னார். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். மகளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரே ஒரு முறை மூழ்கினால்கூட விமானம் ஏறக் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை மூழ்கினால் 18 மணி நேரமும் விட வேண்டும் என்பது பொதுவான விதி. அழுத்தத்தில் உடலுக்குள் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற அவகாசம் தேவை. அதற்குள் விமானத்தில் ஏறி அழுத்தம் குறைந்தால் அது குமிழ்களாகிவிடும். கோலி சோடாவை உடைத்ததும் பொங்குகிறதே, அதுதான் கணக்கு.

அடுத்த ஆண்டு இதய மருத்துவரிடம் பரிசோதித்து, அவர் கையெழுத்தோடு மறுபடி போனேன். வேறு இடம். அங்கே இடுப்பளவுத் தண்ணீரில் அரை மணி நேரம் நிறுத்திவைத்துப் பழக்கினார்கள். மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தால் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, மூக்கால் ஊதி வெளியேற்றுவது, சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவினால் கைவீசித் தேடி எடுப்பது, கைச் சைகைகள். கட்டைவிரலை உயர்த்தினால் "நன்றாக இருக்கிறேன்" என்று பொருள் இல்லை, "மேலே போகலாம்" என்று பொருள். எது நடந்தாலும் மூச்சை அடக்காதே என்பதைப் பத்துத் தடவையாவது சொன்னார் பயிற்சியாளர். 10 மீட்டர் ஆழத்தில் நிரப்பிய நுரையீரல் மேலே வரும்போது இரண்டு மடங்கு இடம் கேட்கும்.

பிறகு இறங்கினோம். மூன்று மீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம், வலது காதில் ஊசி குத்தியதுபோல் ஒரு வலி. காதைக் காட்டி உள்ளங்கையை அசைத்தேன். அவர் என்னை ஒரு முழம் மேலே தூக்கினார். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதினேன். "டக்" என்று திறந்தது, வலி போயிற்று. வலி வருமுன்பே, சிறிது சிறிதாக இறங்கும்போதெல்லாம் இதைச் செய்ய வேண்டும் என்பதை அந்த ஒரு கணத்தில் கற்றுக்கொண்டேன். அழுத்தம் கூடினால் வாயு சுருங்கும் என்ற பாயில் விதியைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! அன்றுதான் அது என் காதுக்குள் வந்தது. முதல் 10 மீட்டரிலேயே அழுத்தம் இரட்டிப்பாகிவிடுகிறது; அடுத்த 10 மீட்டரில் அது ஒன்றரை மடங்குதான் ஆகிறது. "ஆழமாகப் போகவில்லை, பயம் வேண்டாம்" என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு இறங்கவே கூடாது.

கீழே கடற்சாமந்தியின் விரல்களுக்குள் கோமாளி மீன் ஒன்று புகுந்து புகுந்து வந்தது. என் மணிக்கட்டில் கட்டியிருந்த கோயில் கயிற்றின் சிவப்பு மங்கிப் பழுப்பாகியிருந்தது. தண்ணீர் சிவப்பைத்தான் முதலில் விழுங்கும் என்று பாடம் நடத்தியவளுக்கு, அந்தக் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

நீச்சல் தெரியாதவரும் பயிற்சியாளர் பிடித்திருக்க ஒருமுறை இறங்கிப் பார்க்கலாம். 18 மீட்டர் வரை போக அனுமதிக்கும் முதல்நிலைச் சான்றிதழ் வேண்டுமென்றால், 200 மீட்டர் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் தெரிய வேண்டும்.

நான் போன இரண்டு இடங்களிலும் படிவம் ஆங்கிலத்தில்தான் இருந்தது. கேள்வி புரியாமல் கையெழுத்திடுகிறவர்கள் நம் ஊர்களிலிருந்து எத்தனையோ பேர் போகிறார்கள். அந்தக் கேள்விகளைத் தமிழில் தங்கள் இணைப்பில் வெளியிட வேண்டுகிறேன். பொங்கல் விடுமுறைக்குப் புறப்படும் என் தங்கைக்காக அவற்றை நானே இரண்டு தாள்களில் எழுதி வைத்திருக்கிறேன். நகல் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
கோவில்பட்டி.