ஒயரை மாற்றும் முன் மீட்டரை எடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

தீபாவளி நெருங்கினால் ஆம்ப்ளிபயர், ஸ்பீக்கர் விளம்பரங்களும் நெருங்கிவிடும். சில வருடங்களாக அவற்றோடு இன்னொரு சரக்கும் சேர்ந்து வருகிறது: மீட்டருக்கு ஆயிரக்கணக்கில் விலை போட்ட ஸ்பீக்கர் ஒயர், மின்சாரத்தைச் 'சுத்தப்படுத்தும்' பவர் கார்டு, டி.ஏ.சி.க்கு (டிஜிட்டல் இசையை ஒலி சிக்னலாக மாற்றும் பெட்டிக்கு) கீழே வைக்கும் கருங்காலிக் கட்டை. வாங்கியவரைக் கேட்டால், "திரையை விலக்கின மாதிரி இருக்கு சார்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் காதில் மாற்றம் தெரிந்தது நிஜம். அதற்கான காரணம்தான் பெரும்பாலும் பில்லில் இருக்காது.

முதல் காரணம், ஒலி அளவு. சி.டி. பிளேயரின் வழக்கமான வெளியீடு 2 வோல்ட். புதுப் பெட்டி 2.5 வோல்ட் தந்தால் வால்யூம் குமிழைத் தொடாமலே ஏறக்குறைய 2 டெசிபல் ஏறிவிடும். அதைச் 'சத்தம் கூடியது' என்று காது பிரித்துச் சொல்வதில்லை. 'மிருதங்கம் தனியாகக் கேட்கிறது, பேஸ் (கீழ்ஸ்தாயி ஒலி) நிறைவாக இருக்கிறது' என்றே சொல்கிறது. தாழ்ந்த அளவில் நம் காதுக்கு பேஸ் சரியாக எட்டாது என்பதை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே அளந்து காட்டிவிட்டார்கள். அளவு ஏறும்போது நடுத்தர ஒலிகளைவிட பேஸ்தான் வேகமாக ஏறுவதுபோல் கேட்கும். கடையில் விலை கூடிய பெட்டியை ஒரு சுற்று கூடுதலாகத் திருப்பிப் போட்டுக் காட்டுவது இதை அறிந்துதான்.

ஒயர் விஷயத்துக்குக் கணக்கு எளிது. வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) தாமிர ஒயரில் 5 மீட்டர் தூரத்துக்குப் போக வர சேர்த்து 0.07 ஓம் தடை. 8 ஓம் ஸ்பீக்கரில் இதனால் போவது 0.1 டெசிபலுக்கும் குறைவு. ஸ்பீக்கர் பெட்டியோடு வரும் நூல்போன்ற 0.5 ஸ்கொயர் ஒயரில் அதே தூரத்துக்கு 0.34 ஓம். ஸ்பீக்கரின் தடை சில அதிர்வெண்களில் 4 ஓமுக்கு இறங்கும் இடங்களில் 0.7 டெசிபல் விழும். மற்ற இடங்களில் அவ்வளவு விழாது. ஆக ஒலியின் நிறம் கொஞ்சம் மாறத்தான் செய்யும். மெல்லிய ஒயரைத் தூக்கிப்போட்டு 2.5 ஸ்கொயர் போடுவது நியாயமான செலவு. அதற்கு மேல் கொடுப்பது ஒயரின் மேலுறைக்கும் அதன் நிறத்துக்கும்தான்.

இன்னொன்றையும் பழுதுபார்ப்பவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றில் ஒயர் முனை கறுத்தோ பச்சை பூத்தோ போயிருக்கும். ஒரு பக்க ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாறியிருந்தால் பேஸ் வற்றி, பாடுபவர் நடுவில் நிற்காமல் அறை முழுக்கக் கரைந்துபோவார். புது ஒயர் போடும்போது முனை சுத்தமாகிறது, திருகு இறுகுகிறது, சிவப்பு கறுப்பு சரியாகிறது. பாராட்டு மொத்தமும் ஒயருக்குப் போகிறது! பழைய ஒயரையே இரண்டு சென்டிமீட்டர் வெட்டி, புதிதாகச் சீவி, திருகி மாட்டியிருந்தால் அதே பலன்.

இத்தனையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் மருந்துப்போலி, அதாவது நல்லது என்று நம்புவதாலேயே நன்றாகக் கேட்பது. 1994இல் ஹார்மன் என்ற அமெரிக்க ஒலிக்கருவி நிறுவனத்தில் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் அங்கு வேலைபார்க்கும் 40 பேரை நான்கு ஸ்பீக்கர்களைக் கேட்கவைத்தார்கள். கண்ணால் பார்த்தபடி கேட்டபோது பெரிய, விலை கூடிய ஸ்பீக்கர்கள் முந்தின. சின்ன, மலிவான செட்டின் மதிப்பெண் விழுந்தது. திரையைப் போட்டதும் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. பார்த்துக் கேட்டவர்கள், ஸ்பீக்கரை இடம் மாற்றியதால் வந்த நிஜமான மாற்றத்தைக்கூட அவ்வளவாகக் கவனிக்கவில்லை. 2007இல் மேயர், மோரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் உயர்தர டிஜிட்டல் இசையைச் சாதாரண சி.டி. தரத்துக்கு இறக்கி, இறக்காததோடு ஒப்பிடவைத்தார்கள். 554 சோதனைகளில் சரியான விடை 276. நாணயம் சுண்டியிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும்.

வீட்டில் சோதிக்க விரும்புகிறவர்களுக்கு முறை இது. 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை ஏ.சி.யில் வைத்து, ஒப்பிடும் இரண்டு கருவிகளும் 1.98க்கும் 2.02 வோல்ட்டுக்கும் இடையில் வரும்வரை வால்யூமைச் சரிசெய்யுங்கள். மலிவான மஞ்சள் மீட்டர் இதற்கு உதவாது, அதில் ஏ.சி. 200 வோல்ட் ரேஞ்சில்தான் தொடங்கும், 0.1 வோல்ட்டுக்குக் கீழே காட்டாது. 2 அல்லது 20 வோல்ட் ரேஞ்ச் இருக்க வேண்டும். 1000 ஹெர்ட்ஸில் அளக்காதீர்கள். சாதாரண மீட்டர் அங்கே தடுமாறும்.

மாற்றுவது சில நொடிக்குள் நடக்க வேண்டும். நுண்ணிய ஒலி வேறுபாடு நினைவில் அதற்கு மேல் தங்காது. ஐந்து நிமிடம் குனிந்து ஒயர் மாற்றிவிட்டுக் கேட்பதில் பயனில்லை. ஆம்ப்ளிபயர் என்றால், பழையதை விட்ட பிறகே புதியதைத் தொடும் வகை ஸ்விட்ச், நாலு போல் (ஒரே நேரத்தில் நாலு இணைப்பை மாற்றுவது) உள்ளது வேண்டும். இரண்டு ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் எல்லாமே சேர்ந்து மாற வேண்டும். மைனஸ்களைப் பொதுவாகக் கட்டினால் இன்றைய டிஜிட்டல் ஆம்ப்ளிபயர் பல எரிந்துபோகும், ஏனென்றால் அவற்றில் மைனஸ் என்பது எர்த் இல்லை. பிறகு ஒருவர் நாணயம் சுண்டி, கேட்பவர் கண்ணில் படாமல் மாற்றிக் குறித்துக்கொள்ளட்டும். பேச்சே கூடாது, தொண்டையைச் செருமினாலே விடை தெரிந்துவிடும். 16 முறை. 12 சரியாக வந்தால் கவனிக்கத்தக்கது. வெறும் ஊகத்தில் அவ்வளவு வர நூற்றுக்கு நாலு வாய்ப்புதான். எட்டு, ஒன்பது வந்தால் பணத்தைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வால்வு ஆம்ப்ளிபயர் சில இதில் தேறிவிடும், அதில் மர்மம் எதுவும் இல்லை: அவற்றின் வெளியீட்டுத் தடை அதிகம், அதனால் ஸ்பீக்கரோடு சேர்ந்து ஒலி நிஜமாகவே மாறுகிறது.

நிஜமான மாற்றம் வேண்டுவோர் அறையைப் பார்க்கலாம். 12 அடி நீள அறை 47 ஹெர்ட்ஸில் அதிரும். சப்வூஃபரில் (பேஸுக்கான தனி ஸ்பீக்கரில்) அந்த ஒலியை மெதுவாக ஓடவிட்டு நடந்து பாருங்கள். பின்சுவரை ஒட்டி நின்றால் நெஞ்சில் மோதும். நீளத்தின் நடுவில் காணாமல் போகும். நாற்காலியை இரண்டடி நகர்த்துவது எந்த ஒயரும் செய்யாத வேலையைச் செய்யும். ஷோகேஸ் மூலையில் திணித்த ஸ்பீக்கரை வெளியே எடுங்கள். மொசைக் தரையில் ஜமக்காளம் மேல்ஸ்தாயிக் கூச்சலை மட்டும் கொஞ்சம் தணிக்கும்; பேஸுக்கு அது போதாது. உறுமல் இருந்தால் முதலில் கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால், அந்த ஒயரில் ஒரு ஐசொலேட்டர் (மின் தொடர்பைத் துண்டித்து சிக்னலை மட்டும் விடும் சிறு கருவி) போட்டால் தீரும். உறுமலை நிறுத்துவதற்காக எர்த் பின்னை வெட்டாதீர்கள்.

தங்கள் நாளிதழிடம் இரண்டு கோரிக்கைகள். ஒலிக்கருவி மதிப்புரை வெளியிடும்போது, ஒலி அளவைச் சமப்படுத்தினார்களா, எது ஓடுகிறது என்று தெரிந்தே கேட்டார்களா என்பதை ஒரு வரியில் போடுங்கள். 'பேஸ் கூடும்' என்று ஒயர் விளம்பரம் வந்தால், எத்தனை ஹெர்ட்ஸில் எத்தனை டெசிபல் என்று கேட்டு, அந்த எண்ணையும் சேர்த்து அச்சிடுங்கள். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடமிருப்பது விளம்பரப் பிரிவுக்குத் தெரிந்திருக்கும்.

இப்படிக்கு,
ஒலிக்கருவி பழுதுபார்ப்பவர்,
திருச்சி