மூட்டா, உண்ணிக் காய்ச்சலா?

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது பெரிய ஆறுதல். இங்கே காலபோக அறுவடை முடிந்துவிட்டது. இரணைமடுக் குளத்தில் தண்ணீர் இருப்பதால் சிறுபோகத்துக்கும் வரம்பு கட்டத் தொடங்கிவிட்டார்கள். மகள் சோதனை எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறாள். முழு நேரமும் நாய்களோடுதான்.

சரி, உன் நாய் ரைகரின் விஷயத்துக்கு வருகிறேன். காலையில் எழும்பக் கஷ்டப்படுகிறான், பின்னங்காலை நொண்டுகிறான், ஏழு வயதாகிவிட்டது, நாரிப்பிடிப்பாக இருக்கும், என்னுடைய முழங்கால் குளிசையில் பாதியைக் கொடுக்கட்டோ என்று கேட்டிருக்கிறாய். தயவுசெய்து கொடுக்காதே. நீ போடுவது டைக்ளோபெனாக். அதுவும் புரூபனும் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். மலம் கறுப்பாகப் போகத் தொடங்கினால் உள்ளே இரத்தம் கசிகிறது என்று அர்த்தம். பனடோலும் அளவு கூடினால் ஈரலைத் தாக்கும். நாய்க்கென்று மெலொக்சிகாம், கார்புரோபென் போன்றவை இருக்கின்றன. அவற்றையும் மிருக வைத்தியர் நிறை பார்த்துத்தான் தரவேண்டும். முன்பு யாராவது ஸ்டீரோய்ட் ஊசி போட்டிருந்தால் அதையும் அவரிடம் சொல்லு. ஸ்டீரோய்டும் இந்த நோ மருந்தும் ஒன்றாகச் சேர்ந்தால் குடலே ஓட்டையாகலாம்.

ஆனால் மருந்துக்கு முதல் ஒன்றைப் பார்க்கவேண்டும். நொண்டுகிற நாயெல்லாம் மூட்டு நோய்க்காரன் இல்லை. வன்னியில் உண்ணிக் காய்ச்சலும் காலில்தான் வந்து நிற்கும். எங்கள் நாய் கறுப்பிக்கு அப்படித்தான் வந்தது. ஒரு நாள் வலது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள். முள்ளாக இருக்குமென்று விரலிடுக்கெல்லாம் பிரித்துப் பார்த்தோம், ஒன்றுமில்லை. அடுத்த நாள் இடது கால். பிறகு சோற்றை மணந்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துவிட்டாள். காது மடலை விரித்தால் உள்ளே உண்ணி அப்பிக் கிடந்தது. மேல் உதட்டைத் தூக்கி முரசைப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்கவேண்டியது வெளிறிப்போயிருந்தது.

நீயும் ரைகரின் உதட்டைத் தூக்கிப் பார். முரசை விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் இரண்டு செக்கனுக்குள் நிறம் திரும்பவேண்டும். வெப்பமானி இருந்தால் ஆசனவாயில் வைத்துப் பார், 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை நாய்க்குச் சாதாரணம். நொண்டல் காலுக்குக் கால் மாறினாலோ, மூக்கால் இரத்தம் வந்தாலோ, சிறுநீர் தேயிலைச் சாயம் போலப் போனாலோ ஒரு நாளும் தாமதிக்காதே. இரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் எர்லிக்கியா என்ற கிருமியா பபீசியா என்ற கிருமியா என்று தெரியும். இரண்டையும் உண்ணிதான் கொண்டுவருகிறது, மருந்துதான் வேறு. எர்லிக்கியாவுக்கு வழக்கமாக 28 நாள் டொக்சிசைக்கிளின். மூன்றாம் நாளே நாய் எழும்பி வாலாட்டும், சாப்பிடும். அதைப் பார்த்துவிட்டு எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர் குளிசையை நிறுத்திவிடுகிறார்கள். கிருமி உள்ளுக்குள் இருந்து, மாதங்கள் கழித்து எலும்பு மச்சையைக் கெடுத்துக்கொண்டு திரும்பி வரும். அப்போது காப்பாற்றுவது மிகவும் கடினம். குளிசையைப் பாலோடு கொடுக்காதே, சோற்றோடு கொடு.

உண்ணி நாயில் மட்டும் இருப்பதில்லை. இரத்தம் குடித்து முடித்ததும் இறங்கிச் சுவர் வெடிப்பிலும் கொட்டில் கிடுகிலும் ஆயிரக்கணக்கில் முட்டை போடும். அதனால் ரைகர் படுக்கிற இடத்தையும் சுத்தமாக்கவேண்டும். சாக்கைக் கொதிநீரில் போடு, வெடிப்பைப் பூசு. வயலுக்கு அடிக்கிற மருந்தை நாய்க்குப் பூசுகிற பழக்கம் உங்கள் பக்கத்திலும் இருக்கிறதென்று எனக்குத் தெரியும். நாய் உடம்பை நக்கும், நக்கினால் செத்துப்போகும். உண்ணிக்கென்று வாயால் கொடுக்கிற குளிசை இருக்கிறது. விலைதான், ஆனாலும் வாங்கு.

இரத்தம் சுத்தமாக இருந்தால் மூட்டுத்தான். ரைகர் ஷெப்பர்ட் கலப்பு என்றபடியால் எனக்கு இடுப்பு மூட்டில்தான் சந்தேகம். அந்த இனத்துக்குப் பிறப்புவழியாகவே தொடை எலும்பின் பந்து இடுப்புக் கிண்ணத்தில் சரியாகப் பொருந்தாமல் போவதுண்டு. வளர வளர எலும்போடு எலும்பு உரசித் தேயும். ஓடும்போது இரண்டு பின்னங்காலையும் ஒன்றாகச் சேர்த்துப் பாய்கிறானா, பின் துடை மெலிந்துவிட்டதா, எழும்பிக் கொஞ்சம் நடந்ததும் விறைப்பு இளகுகிறதா என்று கவனி. நாய் மெதுவாக வருகிற நோவுக்கு அழாது. படி ஏறாமல் விடும், ஒரே மூட்டை நக்கிக்கொண்டிருக்கும், தொட்டால் திரும்பிப் பார்க்கும். வயது போய்விட்டதென்று நாங்கள் தள்ளிவிடுகிற பாதி விஷயம் நோவுதான். ஏ9 வீதியில் அடிபட்டுக் கோணலாக ஒட்டிய காலிலும் பிறகு இதே தேய்மானம் வரும். ஓடிக்கொண்டிருந்தவன் திடீரென்று பின்னங்காலைத் தூக்கிக்கொண்டால் அது முழங்கால் எலும்புகளைப் பிணைக்கிற நார் அறுந்ததாக இருக்கலாம், அது வேறு கதை.

மூட்டுக்கு எந்தக் குளிசையையும்விட நிறை குறைப்பதுதான் பெரிய வைத்தியம். லப்ரடோர் நாய்கள் 48ஐச் சோடி சோடியாக வைத்து, சோடியில் ஒன்றுக்கு 25 சதவீதம் குறைவாகச் சாப்பாடு கொடுத்து வாழ்நாள் முழுவதும் பார்த்திருக்கிறார்கள். குறைவாகச் சாப்பிட்டவை ஏறத்தாழ இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் பிந்தியே வந்தது. ரைகரின் விலாவைத் தடவு. எலும்பு விரலுக்குத் தட்டுப்படாவிட்டால் சோற்றைக் குறை, அம்மா இரகசியமாகப் போடுகிற பாணையும் சேர்த்து. சூடை மீன் அவித்து முள் எடுத்துக் கொஞ்சம் கொடு. மீன் எண்ணெய் மூட்டு வீக்கத்துக்கு நல்லது. சீமெந்துத் தரையில் கால் வழுக்கும், சாக்கு விரித்துவிடு. நகத்தை வெட்டு. பன்றி கலைக்க இரவில் வயலுக்குக் கூட்டிப்போவதை நிறுத்திவிட்டு, காலையும் மாலையும் கொஞ்சத் தூரம் நடத்து. நீந்துவது மூட்டுக்கு மிக நல்லதுதான், ஆனால் குளத்தில் முதலை இருக்கும். முழங்காலளவு வாய்க்கால் தண்ணீரில் நடக்கவிட்டால் போதும்.

இன்னொன்று. விசர் ஊசி இந்த வருடம் போட்டாயா? விசர் நோயும் சில வேளை பின்னங்கால் தளர்ந்து தொடங்கும். தாடை தொங்கி எச்சில் வடிந்தால் எலும்பு சிக்கிவிட்டதென்று வாய்க்குள் கையை விடாதே. பிள்ளைகளையும் கிட்ட விடாதே.

திங்கட்கிழமை காலையில் ரைகரைக் கூட்டிக்கொண்டு வா. இங்கே அரச மிருக வைத்தியரிடம் நானே கூட்டிப்போகிறேன். எக்ஸ்ரே தேவையென்று சொன்னால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்குப் போவதைப் பிறகு யோசிப்போம். ஊசி அட்டையையும், இதுவரை ஏதாவது மருந்து கொடுத்திருந்தால் அதன் உறையையும் எடுத்து வா. இரவுச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான், மனிசி இப்போதே சொல்லிவிட்டாள்.

அன்புடன்,
உன் நண்பன்