காய்ச்சிய பாலுக்கு உறை ஊற்ற வேண்டாமா?

குஞ்சு பொரிப்பகம் நடத்துகிறவர்களுக்கும், ஒப்பந்தக் கோழி நிறுவனங்களில் மருந்து அட்டவணை போடுகிற கால்நடை மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

பல்லடத்துக்குப் பக்கத்தில் இரண்டு ஷெட் வைத்திருக்கிறேன். குஞ்சு உங்களுடையது, தீவனம் உங்களுடையது, மருந்தும் உங்களுடையது. கொட்டகையும் கரண்ட் பில்லும் ராத்திரித் தூக்கமும் என்னுடையவை. அந்தத் தூக்கத்தையும், புதுக் குஞ்சின் குடலையும் வைத்துத்தான் இந்த மடல்.

போன ஐப்பசியில் இரண்டு ஷெட்டுக்கும் ஒரே பொரிப்பகத்தில் இருந்து ஒரே நாளில் குஞ்சு வந்தது. முதல் லோடு விடிகாலையில் இறங்கியது. இரண்டாவது வண்டி எங்கெங்கோ சுற்றிவிட்டுச் சாயங்காலம்தான் வந்தது. பெட்டியைத் திறந்தபோதே கால் வற்றி, கண் சொருகிக் கிடந்தன. அதே நார்த்தூள், அதே பல்பு, அதே தண்ணீர், அதே ஆள். மூன்றாம் நாள் இரண்டாவது ஷெட்டில் மட்டும் பின்பக்கம் எச்சம் ஒட்டிய குஞ்சுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன். ஏழாம் நாள் எடை போட்டால் முதல் ஷெட்டுக்கும் அதற்கும் 30 கிராம் வித்தியாசம். வந்த சூப்பர்வைசர், "புரூடிங் சரியில்லைங்க" என்று, அதாவது குஞ்சுக்குச் சூடு கொடுத்துப் பார்த்துக்கொண்டதில் என் தப்பு என்று, எழுதிவிட்டுப் போனார்.

இரண்டு ஷெட்டை வைத்து ஆராய்ச்சி முடிவு சொல்ல முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் 'புரூடிங் சரியில்லை' என்பதைப் படித்த கோபத்தில்தான், குஞ்சின் குடலைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்த பிறகு கோபம் போய் வேறொரு கேள்வி வந்துவிட்டது. அதைக் கேட்க வேண்டிய இடம் உங்கள் இடம்தான்.

எங்கள் வீட்டில் அம்மா இன்னும் நாட்டுக்கோழியை அடை வைக்கிறார். 21 நாள் கழித்துக் குஞ்சு பொரிந்ததும் தாய்க்கோழி அவற்றை எங்கே கூட்டிக்கொண்டு போகிறது? நேரே குப்பைமேட்டுக்கு. அது கிளறக் கிளறக் குஞ்சுகள் கொத்துகின்றன. தாயின் எச்சத்தையும் கொத்துகின்றன. சின்ன வயதில் அதைப் பார்த்து முகம் சுளித்திருக்கிறேன். இன்றைக்கு யோசித்தால், அந்தக் குஞ்சுக்கு அன்றைக்குக் கிடைத்த பெரிய சொத்தே அதுதான். வளர்ந்த கோழியின் குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்க் கூட்டம் அந்த வழியில்தான் அடுத்த தலைமுறைக்குப் போகிறது.

உங்கள் குஞ்சு தாயைப் பார்த்ததே இல்லை. முட்டை இட்ட கையோடு எடுக்கப்பட்டு, புகையூட்டி, 18 நாள் ஒரு மெஷினில், மீதி 3 நாள் ஹேட்சர் என்ற இன்னொரு மெஷினில். இது குற்றச்சாட்டு இல்லை. சால்மோனெல்லாக் கிருமி, தொப்புள் அழற்சி எல்லாம் என்ன செய்யும் என்று பார்த்தவன் நான், சுத்தம் வேண்டும். ஆனால் பாலைச் சுத்தமாகக் காய்ச்சி ஆறவைத்துவிட்டு, உறை ஊற்றாமல் மூடாமல் வைத்தால் என்ன ஆகும்? பாலாகவே இருக்காது. காற்றில் வந்தது எதுவோ விழுந்து, கெட்டுப்போகும். சுத்தம் செய்த இடம் வெகுநேரம் காலியாக இருக்காது. முதலில் வந்தவன் உட்கார்ந்துவிடுவான்.

குஞ்சின் குடலிலும் அதேதான். பொரிந்த ஒரே நாளில் அங்கே கிராமுக்குக் கோடிக்கணக்கில் பாக்டீரியா சேர்ந்துவிடுகிறது. என்ன பாக்டீரியா என்பதுதான் கேள்வி. ஹேட்சர் தட்டில் உடைந்த ஓட்டிலும், ஈரப் பஞ்சு மயிரிலும், பெட்டி அட்டையிலும், லாரித் தூசியிலும் எது இருந்ததோ அதுதான் முதல் குடியேறி. பெரும்பாலும் அது ஈ.கோலை வகையறாவும் என்டெரோகாக்கஸும். கோழியின் இரட்டைக் குருட்டுக்குடலில் இருக்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள், காற்றே ஆகாதவர்கள். நார்ச்சத்தைப் புளிக்கவைத்து பியூட்ரிக் அமிலம் தருகிறவர்கள் அவர்களில்தான் இருக்கிறார்கள். (கெட்டுப்போன வெண்ணெயின் நாற்றத்துக்குக் காரணமும் அதே அமிலம்தான்.) குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு அது சாப்பாடு மாதிரி. முதல் வாரத்தில் குஞ்சின் சிறுகுடல் உடம்பைவிட வேகமாக வளர்கிறது; சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நீட்சிகள் நீள்வதும், எந்தக் கிருமியோடு சண்டை போடலாம், எதைச் சும்மா விடலாம் என்று உடம்பு பழகுவதும் அப்போதுதான். பட்டினியாக வண்டியில் கிடக்கும் குஞ்சுக்கு வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள்கரு உயிரைக் காப்பாற்றும். குடல் வளர்வதற்குத் தீவனம் உள்ளே போக வேண்டும்.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1971இல் பின்லாந்தின் பிராய்லர் பண்ணைகளில் சால்மோனெல்லா இன்ஃபான்டிஸ் பரவியது. அங்கே ஆய்வாளர்கள் எஸ்கோ நூர்மியும் ராண்டலாவும் ஒன்றைக் கவனித்தார்கள்: ஒரு நாள் குஞ்சைத் தொற்ற மிகச் சில கிருமிகளே போதும், இரண்டு மூன்று வாரம் வளர்ந்த கோழியோ லேசில் மசிவதில்லை. வித்தியாசம் குடலில் குடியிருப்போரில் இருக்கிறது என்று நினைத்து, வளர்ந்த சேவலின் குடல் சரக்கைக் கரைத்துப் புதுக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். குஞ்சுகள் தாக்குப்பிடித்தன. 1973இல் 'நேச்சர்' இதழில் அது வெளியானது. பின்லாந்தில் அந்த வழியில் செய்த கலவையை 1980களிலேயே விற்க ஆரம்பித்துவிட்டார்கள். அமெரிக்காவில் 1998இல், இன்னின்ன பாக்டீரியா என்று எண்ணிச் சொல்லக்கூடிய 29 வகை கொண்ட ஒரு தெளிப்புக்கு அனுமதி கிடைத்தது; பொரிப்பகத்திலேயே குஞ்சின் மேல் தெளிப்பார்கள், குஞ்சு இறகைக் கோதும்போது உள்ளே போய்விடும்.

2019இல் செக் நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்டதுதான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. புதுக் குஞ்சுகளோடு வளர்ந்த கோழியை ஒரே ஒரு நாள் விட்டாலே போதும், அதன் குடல் பாக்டீரியாவில் நிறைய குஞ்சுக்கு வந்துவிடுகிறது. அதற்கு மேல் நாளைக் கூட்டினாலும் கோழியைக் கூட்டினாலும் பெரிதாக ஒன்றும் கூடவில்லை. ஆக, மொத்தக் கதையும் முதல் 24 மணி நேரத்தில். அந்த 24 மணி நேரம் குஞ்சு என் கையில் இல்லை.

அந்த நேரத்தில் இங்கே வழக்கமாக நடப்பது என்ன? முதல் மூன்று நாள், ஐந்து நாள் தண்ணீரில் ஆன்டிபயாடிக். நோய் இருக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பதில்லை, அட்டவணையில் இருப்பதால் கொடுக்கிறோம். இன்னும் குடியேறவே இல்லாத வீட்டில் குடியிருப்போரைக் காலி செய்கிறோம். கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை 2019இல் அரசே தடை செய்த பிறகும் வேறொரு பெயர் அந்தக் கட்டத்தை நிரப்பிக்கொள்கிறது.

என் பக்கத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒருமுறை கொடுத்தனுப்பிய, நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் பொட்டலத்தை, பிளீச்சிங் பவுடர் போட்ட அதே தொட்டியில் கரைத்துக் கொடுத்தவன் நான். செத்த பாக்டீரியாவைத்தான் என் கோழிகள் குடித்திருக்கும். யாரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

சரி, கேட்பது இதுதான். தாய்க்கோழிப் பண்ணையில் பிரச்சினை இருந்து தொப்புள் ஆறாத குஞ்சு வந்தால் மருந்து கொடுங்கள், மறுக்கவில்லை. எல்லாக் குஞ்சுக்கும் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதை நிறுத்திப் பாருங்கள். பொரிப்பகத்தில் தடுப்பூசித் தெளிப்புக்கு ஏற்கெனவே இடமும் ஆளும் இருக்கிறது. சோதித்துத் தெரிந்த நல்ல பாக்டீரியாக் கலவையை அங்கேயே தெளியுங்கள், ஏழாம் நாளோ பத்தாம் நாளோ கழிச்சல் கண்ட பிறகு என்னிடம் பொட்டலம் தர வேண்டாம். அப்புறம், ஒவ்வொரு லோடோடும் ஒரு துண்டுத் தாள்: எத்தனை மணிக்குப் பொரிந்தது, தாய்க்கோழிக்கு எத்தனை வாரம், பொரிப்பகத்தில் போடும் மாரெக்ஸ் நோய்த் தடுப்பூசியோடு ஆன்டிபயாடிக் ஏதாவது கலந்ததா. நெதர்லாந்தில் 18ஆம் நாள் முட்டையையே பண்ணைக்கு அனுப்பி, பொரிந்த இடத்திலேயே தீவனமும் தண்ணீரும் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு தூரம் கேட்கவில்லை. தாள் போதும்.

இதைப் படிக்கும் சக பண்ணையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. நூர்மி செய்ததை வீட்டில் செய்து பார்க்கிறேன் என்று கிழட்டுக் கோழியின் எச்சத்தை அள்ளி வந்து புரூடரில் தூவிவிடாதீர்கள். நல்ல பாக்டீரியாவோடு வெள்ளைக் கழிச்சலும் ரத்தக் கழிச்சலும் சால்மோனெல்லாவும் சேர்ந்தே வரும். ஆய்வுக்கூடத்தில் வடிகட்டிச் சோதிக்க வேண்டிய வேலை அது. நிறுவனத்திடம் கேட்பதற்குக் காரணமே அதுதான்.

செலவு யார் தலையில் என்ற பேச்சு வரும். வளர்ப்புக் கூலியில் பிடிக்காதீர்கள். எங்களுக்கு ஏறுவதே எப்போதாவதுதான். வேண்டுமானால் என் ஒரு ஷெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் தடுப்புப் போட்டு, பாதிக்குத் தெளித்த குஞ்சும் பாதிக்கு வழக்கமான குஞ்சும் இறக்குங்கள். தண்ணீர்த் தொட்டியைத் தனித்தனியாக வைத்துக்கொள்கிறேன், செருப்பையும் மாற்றிக்கொள்கிறேன். ஏழாம் நாள் எடை, இறப்பு, கடைசியில் தீவன மாற்று விகிதம் (ஒரு கிலோ எடைக்கு எத்தனை கிலோ தீவனம்) எல்லாவற்றையும் உங்கள் ஆள் முன்னாலேயே எழுதிக்கொள்ளலாம். ஒரு பேட்ச் போதாது என்றால் மூன்று பேட்ச். வித்தியாசம் ஒன்றும் இல்லை என்று வந்தால் அதையும் இதேபோல் எழுதுகிறேன்.

அடுத்த லோடு தை முதல் வாரம் வருமென்று சொல்லியிருக்கிறார்கள். விடிகாலையில் அனுப்பப் பாருங்கள்.

இப்படிக்கு,
பல்லடம் பக்கத்து வளர்ப்புப் பண்ணைக்காரன்