தேனும் சர்க்கரைதான் ஐயா

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு மருத்துவப் பக்கத்தில், வெள்ளைச் சர்க்கரைதான் பல்லைக் கெடுக்கும், பிள்ளைகளுக்குத் தேனும் பனங்கற்கண்டும் கொடுத்தால் ஒன்றும் ஆகாது என்று போட்டிருந்தீர்கள். இதை நம்பி எத்தனை வீட்டில் தேன் பாட்டிலைத் திறந்திருப்பார்களோ!

நான் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். மூன்று வயதுப் பிள்ளை சிரித்தால் மேல் முன்பற்கள் கறுத்து, கரைந்து, வெறும் முனையாக நிற்பது எங்களுக்குப் பழகிப்போன காட்சி. கேட்டால், "சாக்லேட்டே வாங்கித் தர்றதில்ல டீச்சர், தேன்தான்" என்பார்கள். அழுகிற குழந்தையைத் தூங்க வைக்கச் சூப்பானைத் தேனில் முக்கி வாயில் வைத்துவிடுவது, அப்புறம் அது அப்படியே தூங்கிப்போவது. தூக்கத்தில் எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால் இனிப்பு கழுவிப்போக வழியே இல்லாமல் பல்லில் தங்கிவிடுகிறது. கீழ் முன்பற்களை நாக்கும் எச்சிலும் ஓரளவு காப்பாற்றுகின்றன, அதனால் மேல் பல் முதலில் போகிறது.

தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைதான், முக்கியமாக பிரக்டோஸும் குளுக்கோஸும். பல்லில் படிந்திருக்கும் கிருமிக்கு அது பூவிலிருந்து வந்ததா ஆலையிலிருந்து வந்ததா என்ற கவலை கிடையாது, தின்றுவிட்டு அமிலத்தைக் கக்கும். வாயில் பிஎச் அளவு (அமிலத்தைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5க்குக் கீழே போனால் பல்லின் கெட்டியான மேலுறையான எனாமல் கரைய ஆரம்பிக்கும். தேனின் அளவோ பொதுவாக 4ஐ ஒட்டியே இருக்கிறது. பனங்கற்கண்டு, வெல்லம், கருப்பட்டி எல்லாம் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது நாம் திட்டுகிற அதே வெள்ளைச் சர்க்கரையின் சரக்கு. இருமலுக்கென்று கற்கண்டை வாயில் அடக்கிக்கொள்வது பல்லுக்கு இன்னும் மோசம்.

தேன் கிருமியைக் கொல்லுமே என்பார்கள். புண்ணில் பூசினால் சரி. வாயில் எச்சில் கலந்து நீர்த்துப்போன தேனிடம் அந்த வேலையை எதிர்பார்க்க முடியாது, சர்க்கரை மட்டும் தன் வேலையைச் செய்யும். உலக சுகாதார நிறுவனமும் 2015இல் குறைக்கச் சொன்ன சர்க்கரைகளின் கணக்கில் தேனையும் சேர்த்தேதான் சொன்னது.

எவ்வளவு தின்கிறோம் என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பெரிய விஷயம். ஸ்வீடனில் விபெஹோல்ம் என்ற இடத்தில் 1940களில் மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு டாஃபி கொடுத்துப் பார்த்தார்கள் (அந்த அநியாயத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம்). சாப்பாட்டோடு இனிப்பு சேர்த்தவர்களைவிட, இடையிடையே ஒட்டுகிற மிட்டாய் தின்றவர்களுக்குத்தான் சொத்தை ஏறியது. அதனால் பெரிய பிள்ளைகளுக்குத் தேன் தந்தே ஆக வேண்டுமென்றால் சாப்பாட்டோடு தந்து, தண்ணீர் குடிக்க வையுங்கள். பல் தேய்த்த பிறகு படுக்கப் போகும்போது மட்டும் வேண்டவே வேண்டாம். பால் பல்தானே, விழுந்து முளைக்கும் என்று விடுவதும் தப்பு, வலி என்னவோ பிள்ளைக்குத்தான்.

இன்னொன்று, இது பல்லைவிட அவசரமானது. ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேனே கூடாது, பிறந்ததும் சேனை தொட்டு வைப்பதிலும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை பாக்டீரியா வித்துகள் சிசுவின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும், போட்டுலிசம் என்பார்கள், மூச்சுவிடும் தசைகளையே முடக்கிவிடும். உங்கள் குறிப்பில் வயதே சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் இதையாவது கண்ணில் படுகிற மாதிரி போடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அங்கன்வாடிப் பணியாளர்,
திண்டுக்கல் மாவட்டம்